அடைத்த சன்னல்கள்

காலை வெயில் பாதிக் கூடம் வரை வந்து கிடக்கிறது. முந்தின நாளிலிருந்தே சன்னல்களை அடைத்து வைக்கச் சொல்லியிருந்தான் காற்றைச் சோதிக்க வருகிறவன். வாடகைக்குக் குடியிருக்கும் அவளும் அப்படியே வைத்திருந்தாள். வீட்டுக்காரர் அவனுக்கு முன்னால் வந்து நான்கையும் விரியத் திறந்துவிட்டார். இப்போது மேசைமேல் கருவி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. இதையே எழுதிக்கொண்டு போய்விட்டால், பூசணம் பூத்துக் கறுத்த அந்தச் சுவரை இனி எவனும் தொடமாட்டான். உள்ளறையில் மகள் மூச்சு இழுக்கும் சத்தம் துருப்பிடித்த கீலைப் போலக் கேட்கிறது. “பாத்தீங்களா தம்பி, வீட்டுல ஒரு குறையும் இல்ல. இந்தம்மாவுக்கு வாய்தான் நீளம்,” என்கிறார் வீட்டுக்காரர். சிமென்ட் தின்ற விரல்களால் அவள் சன்னல்களை ஒவ்வொன்றாக அறைந்து சாத்துகிறாள். கண்ணாடிகள் அதிர்கின்றன. “இனிமே மூணு மணி நேரமாவது அடைஞ்சு கெடந்தாத்தான்க்கா அளக்க முடியும்,” என்று இழுக்கிறான் சோதிக்க வந்தவன். “கெடக்கட்டும். இருந்து அளந்துட்டுப் போங்க.” வாசற்கதவையும் தாழிடுகிறாள். நாற்காலியை இழுத்துப் பூசணச் சுவரோரம் போடுகிறாள். “உக்காருங்கண்ணே. எம்பொண்ணு ராவும் பகலும் இழுக்கிற காத்துதான். மூணு மணி நேரம் நீங்களும் இழுங்க.” வீட்டுக்காரர் நாற்காலியைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார், சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.