நீல டோக்கன்

வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர்களுக்கு இரண்டு நிறத்தில் சாப்பாட்டு டோக்கன் கொடுத்தார்கள். மஞ்சளுக்கு முதல் பந்தி, நீலத்துக்கு அடுத்தது. பையில் கைவிட்டு எடுத்ததில் குணசீலனுக்கு மஞ்சள் வந்தது, அவன் மனைவி பவளக்கொடிக்கு நீலம். மூன்றாம் நாள் யாரோ கூடத்தின் குறுக்கே கயிறு கட்டினார்கள். நீலக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள், அவளும் போனாள். ஐந்தாம் நாள் கயிற்றருகே வந்து குணசீலன் சொன்னான்: “உங்க ஆளுங்கதான் கக்கூஸ நாறடிக்கிறாங்க.” அவள் பாயை இன்னும் தள்ளிப் போட்டாள்.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பினார்கள். சேற்றைக் கழுவிவிட்டுக் கஞ்சி காய்ச்சியவள், அவன் முன்னால் ஒரே ஒரு தட்டை வைத்தாள்.

“நீயும் உக்காரு” என்றான்.

நிலைப்படியில் சாய்ந்து நின்றபடி சொன்னாள்: “உங்க பந்தி முடியட்டும்.”