ஏழாம் வரிசைக்கு ஒரு மூப்பர்

சாப்பாட்டுக் கூடத்தின் கதவை முதலாளி ஆப்னேர் தன் கையாலேயே சாத்தினார். ஏழாம் வரிசையில் தைக்கிற முப்பது பெண்களும் டார்ட்டிலா ரொட்டியைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வில்லா நுவேவா ஊரின் அந்தத் தையல் ஆலையில் அவரை 'பிரதர்' என்றுதான் கூப்பிட வேண்டும். முதலாளி என்றால் அவருக்கு மனசு நோகுமாம்.

"வேலை நேரத்துல நாம ஆலைக் கதவைப் பூட்டி வைக்கிறோம்னு தொழிலாளர் அமைச்சகத்துக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கீங்க," என்றார். "யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. மன்னிச்சுட்டேன்."

ஓதிலியா கையிலிருந்த துண்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். போன மாதம் பக்கத்துக் கூடத்தில் புகை கிளம்பியபோது சாவியைத் தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பயத்தில் அவள் தன் கைப்பட எழுதிய கடிதத்தின் நகல்தான் இப்போது அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது. வேலை போனால் இரண்டு பிள்ளைகளோடு அவள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

"ஆதிக் கிறிஸ்தவ சபையில மேல, கீழன்னு யாரும் கிடையாது," என்று ஆப்னேர் தொடர்ந்தார். "நல்ல பேர் எடுத்தவங்களை ஜனங்களே தேர்ந்தெடுத்தாங்க. இந்த வரிசையும் இனிமே அப்படித்தான். சூப்பர்வைசர் வேணாம், சபைக்கு இருக்கிற மாதிரி உங்கள்ல ஒரு மூப்பர் போதும்."

சூப்பர்வைசர் ஒவிதியோ ஆளுக்கொரு சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தான்.

"உன் சோலி முடிஞ்சுது ஒவிதியோ. நாளைக்கு வா, காஜா போடக் கத்துத் தர்றோம்," என்றாள் ஒருத்தி. அவன் சிரித்துவிட்டுப் போனான்.

"என் பேச்சைவிட யார் பேச்சை நம்புவீங்களோ, அவங்க பேரை எழுதுங்க," என்றார் ஆப்னேர். "சொந்தப் பேரு மட்டும் வேணாம்."

ஓதிலியாவுக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்தை ஒத்துப் பார்க்கத்தான் இத்தனை நாடகமும். பக்கத்திலிருந்த தோமாசாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, என் எழுத்தைப் பார்த்தா தொலைஞ்சேன்."

"இடது கையால கிறுக்குடி."

கடிதம் எழுதலாம் என்றபோது 'என்னை இழுக்காதடி' என்று ஒதுங்கிக்கொண்டவள்தான் தோமாசா. ஆனால் எவளுக்காவது காய்ச்சல் வந்தால் அந்தப் பெண்ணின் பங்குச் சட்டைப் பைகளையும் சேர்த்துத் தோமாசாவே தைத்துக் கொடுப்பாள். ஓதிலியா வேறு யோசிக்கவே இல்லை. இடது கையால் 'தோமாசா' என்று கோணல் மாணலாக எழுதி மடித்துப் போட்டாள்.

ஒவிதியோ ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தான். முப்பதில் இருபத்தாறு தோமாசாவுக்கு.

ஆப்னேர் சீட்டுகளை வாரி எடுத்தார். ஒன்றைக்கூட உற்றுப் பார்க்காமல் அத்தனையையும் கூடத்து மூலையில் எரிந்த அடுப்பில் போட்டார். ஓதிலியாவுக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

தோமாசாவை முழங்காலிட வைத்து, அவள் தலைமேல் கைவைத்து நீளமாக ஜெபித்தார். பாதிப் பெண்கள் அழுதார்கள். தோமாசாவோ முகமெல்லாம் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்து எல்லோரும் மிஷினுக்குத் திரும்பினார்கள். டப்பாவைக் கழுவ ஓதிலியா மட்டும் குழாயடியில் தங்கினாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் பேசுவது கேட்டது.

"கடுதாசி எழுதினவ யாருன்னு கடைசிவரைக்கும் தெரியலையே, பிரதர்," என்றான் ஒவிதியோ.

"கடுதாசி எவ வேணா எழுதலாம். அவ ஒத்தையா நின்னு என்ன பண்ணிடுவா?" ஆப்னேரின் குரல் ஜெபத்தில் இருந்த அதே சாந்தத்தோடு இருந்தது. "ஒரு வார்த்தை சொன்னா இத்தனை பேரும் எழுந்து நிப்பாங்களே, அந்த ஆளைத்தான் நான் தேடினேன்."

ஓதிலியா குழாயை மூடினாள்.

"தோமாசாவுக்கு இன்னையோட வேலை இல்லைன்னு சொல்லிடு."