வரிசையில் நின்றால்தான் ஓட்டு

“அந்தக் கவரை இன்னும் பிரிக்கவே இல்லையா, லவோன்?”

ரோலண்டுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வராதா பின்னே? அமெரிக்காவில் அந்தக் கவுண்டி முழுவதிலும் பழமைவாதக் கட்சிக்கு அவர்தான் தலைவர். போன இடைக்காலத் தேர்தலில் நாடாளுமன்றத் தொகுதியை நூற்றுச் சொச்சம் ஓட்டில் கோட்டை விட்டவர்கள். இந்தத் தடவை வீடு வீடாக ஏறி இறங்குகிறார். இந்த லவோன் என்னடாவென்றால், வந்த தபால் ஓட்டை ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள்.

“பிரிக்க மாட்டேன். அது என் மக கேட்டு வரவழைச்சது. நான் கேக்கல.”

“பின்ன எப்படி ஓட்டுப் போடுவ?”

“தேர்தலன்னிக்கு டவுன் ஹாலுக்குப் போவேன். வரிசையில நின்னு போடுவேன்.”

“இந்த இடுப்போடயா?”

கோடையில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து லவோனுக்கு வாக்கர்தான் கால். அதைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஆனால் வீம்புக்கு மட்டும் எலும்பு முறியவில்லை.

ரோலண்டின் மனைவி மார்னி, கொண்டுவந்திருந்த பூசணி கேக்கை மேசையில் வைத்தாள். வயதானவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள், மனைவியையும் கேக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பது வாஷிங்டனிலிருந்து வந்த யோசனை.

“கட்சி அனுப்பின ஆலோசகன் புட்டுப் புட்டு வச்சுட்டான்,” என்றார் ரோலண்ட். “எதிர்க்கட்சிக்காரன் ஒரு மாசமா தபால்லயே ஓட்டை வாங்கிக் குவிக்கிறான். நாம ஒரே நாளை நம்பிக்கிட்டு இருக்கோம். அன்னிக்குன்னு பார்த்து பனி கொட்டும், ஒருத்தருக்கு மூட்டு வலி, ஒருத்தருக்கு இருமல். ஓட்டை முன்கூட்டியே உள்ள போட்டுடணும். அதான் இந்தத் தடவை நம்ம வியூகம்.”

“நாலு வருஷம் முன்னாடி வேற வியூகம் சொன்னியே?”

“அது அப்போ.”

“சர்ச் கீழ் ஹால்ல மீன் விருந்து. மைக்கைப் பிடிச்சு என்ன சொன்ன? ‘தபால் ஓட்டு, திருட்டு ஓட்டு. நம்ம ஆளுன்னா தன் கால்ல நடந்து போயி, தன் கையால ஓட்டுப் போடுவான்’னு சொன்ன. கூரை பறக்கக் கை தட்டினோம். கடைசி வரைக்கும் தட்டினது என் எல்டன்தான்.”

எல்டன் அவள் கணவர்.

“அவருக்கு நுரையீரல் பாதி போயிருந்துச்சு. வெளிய போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நானே தபால் ஓட்டு வாங்கி வச்சிருந்தேன். தூக்கி அடுப்புல போட்டுட்டாரு. ‘ரோலண்ட் சொன்னது உன் காதுல விழலயா?’ன்னு என்னையே திட்டினாரு. ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கிட்டு, மழையும் பனியுமா கொட்டறப்ப, வரிசையில நின்னாரு. அந்த மாசக் கடைசியில தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வர்றதுக்குள்ள புதைச்சாச்சு.”

“தெரியும், லவோன். சேதி கேட்டதும் பறந்து வந்து பெட்டியைத் தூக்கினதுல நானும் ஒருத்தன். எல்டன் வீரன். எல்லாக் கூட்டத்துலயும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்!”

“சொல்ற. சிலிண்டரோட எல்டனே வந்து நின்னான், உங்களுக்கு என்ன கேடுன்னு சொல்ற. இப்ப வந்து, அதெல்லாம் தேவையே இல்ல, சோபாவுல உட்கார்ந்து எச்சில் தொட்டு ஒட்டி அனுப்பினாப் போதும்கற.”

லவோனின் குரல் உடைந்தது.

“அப்போ அவரு எதுக்குச் செத்தாரு?”

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் ஆலோசகன் கொடுத்த தாளில் இல்லை.

ரோலண்ட் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேல இருக்கிறவங்க சொன்னதை நாம நம்பினோம், லவோன். எல்டன் நம்பினான். நானும் நம்பினேன். சத்தியமாச் சொல்றேன், மனசறிஞ்சு நான் யாரையும் ஏமாத்தல.”

கேக் வெட்டிக்கொண்டிருந்த மார்னியின் கை நின்றது.

“நீயும் நம்பினியா?”

“பைபிள் மேல அடிச்சுச் சொல்றேன்.”

லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி விடு. நீயும் எங்களை மாதிரி ஏமாந்தவன்தான். இத்தனை நாளா உன்னைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். மன்னிச்சுடு.”

அவளே போய்க் கவரை எடுத்து வந்தாள். பிரித்தாள். அவள் பேனா எந்தப் பக்கம் போகும் என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் முறைக்காக ரோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஓட்டு உள்ளே வந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. 

லவோன் சீட்டை உறையில் போட்டு ஒட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“இதுல சாட்சி ஒருத்தர் கையெழுத்துப் போடணும்னு இருக்கே. இல்லாட்டி ஓட்டு செல்லாதாமே! எங்க போடணும்?”

ரோலண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையை முன்னும் பின்னும் திருப்பினார்.

“எந்த இடமோ, என்ன எழவோ! இந்தச் சனியனை நான் இன்னிக்குத்தான் கையால தொடறேன்.”

மார்னி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். தேடவே இல்லை. நேராகக் கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டாள்.

“எனக்குத் தெரியும், லவோன்,” என்றாள். “நாலு வருஷம் முன்னாடி, குளிர் வர்றதுக்குள்ள ஃப்ளோரிடா போயிடணும்னு இவரு பறந்தாரே, அப்ப இவரோட தபால் ஓட்டுக்கு நான்தான் சாட்சி.”