நுரைக்குள் இருந்தது

“நானா, நுரைக்குள்ள இருந்து கால் வருது.”

குணேஸ்வரி கத்தரிக்கோலும் கையுமாகப் புல்லுக்குள் குப்புறப் படுத்திருந்தாள். பின்னால், தூரத்தில் நின்ற ஸெய்னுதீன் சிரித்தார்.

“பாம்பு துப்பினதுக்குக் காலா புள்ள? அதைத் தின்ற மாடு தப்பாதெண்டு சனம் சொல்லுது. வெட்டிப்போட்டு வா.”

“வெட்டமாட்டன். பாம்புத் துப்பலெண்டுதானே ஆக்கள் ஊருக்குத் திரும்பினதும் இந்த வெளியைக் கொளுத்த நிக்கினம்? பூச்சியெண்டு காட்டினால் எங்கட மாடுகள் மேயும்.”

சண்டை ஓய்ந்திருந்த காலம். இறக்கக்கண்டிப் பக்கம் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது.

“முந்தாநாள் இன்னொரு நுரையை விலக்கிப் பார்த்தனான். பச்சைக் குஞ்சு, செட்டை இன்னும் முளைக்க இல்ல. தண்டில சாறு குடிச்சு, அந்தத் தண்ணியிலயே நுரை கட்டி ஒளிச்சிருந்தது.”

“நல்ல கதை. விடிஞ்சதில இருந்து நீ வெட்டினது ஒரு பாய் அகலம். ஒரு மாட்டுக்கும் காணாது. கிட்ட வந்து பார்க்கட்டா?”

“வேணாம், நிண்ட இடத்திலயே நில்லுங்கோ.” அவளுடைய குரல் துள்ளியது. “தோலைக் கழட்டிப்போட்டு வந்திட்டுது நானா. செட்டையைக் கூரை மாதிரி மடிச்சு வைச்சிருக்கு.”

வெயிலில் பூச்சிக்கு மெல்ல மெல்ல நிறம் ஏறியது. பிறகு ஒரே தாவல்.

“தத்துது. இது புல்லுத்தத்தி. மாட்டை ஒண்டும் செய்யாது.”

“சரி புள்ள, பாம்புக்குக் கால் இல்லையெண்டு ஒத்துக்கொள்றன். இப்ப என்ன செய்யுது?”

“ஒரு தண்டில குத்திக் குடிக்குது. இந்தா, மற்றத் தண்டுக்குப் பாய்ஞ்சிட்டுது.”

“அங்கயும் குடிக்குதா?”

குணேஸ்வரி தலையை நீட்டி உற்றுப் பார்த்தாள். பூச்சி குத்திப் பார்த்தது. நகர்ந்து மறுபடியும் குத்தியது. வாய் இறங்கவில்லை. விட்டுவிட்டுப் பறந்தது.

இலையே இல்லாத, சரிந்து கிடந்த பச்சைத் தண்டு. கத்தரிக்கோலுக்கு ஒரு விரற்கடை முன்னால்.

அவள் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள்.

“இது புல்லில்லை நானா. கம்பி.”

ஸெய்னுதீன் விசிலை ஊதினார். வெளி முழுக்கக் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தவர்கள் கயிறு கட்டிப் பிரித்த தங்கள் தங்கள் பாதையிலேயே உறைந்து நின்றார்கள்.

“மெல்லப் பின்னால வா புள்ள,” என்றார். “அந்தப் பூச்சிக்காக இந்த வெளியைக் கொளுத்தாமல் பார்க்கிறது இனி என்ர வேலை.”