கத்தரி பிடிக்கும் கை

"அந்த ஆளை விடறதா இல்ல சார்" என்றாள் தையல்காரி. கட்டுப் பிரித்தும் வலது கை விரல்கள் மடங்கவில்லை. கத்தரியைத் தொட்டு மாதக்கணக்காகிறது.

வக்கீல் தயங்கினார். "அவர்தான் மன்னிப்புக் கேட்டுட்டாரேம்மா?"

"தினமும்தான் கேக்கறாரு. கேட்டா விரல் மடங்கிடுமா? போன் பேசிக்கிட்டே காரை ஓட்டி மரத்துல மோதினாரு. பின்சீட்டுலேருந்து கத்தினேன், காதுலயே வாங்கல."

"கோர்ட்டுன்னா அவருக்குத் தலைகுனிவு இல்லையா?"

"குனியட்டும். அவர் தப்புன்னு தீர்ப்பு வந்தாத்தானே இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரும்?"

"நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு. கேஸைப் போடுங்க."

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்த கணவர் ஓடிவந்து அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"வக்கீல் என்ன சொன்னாரு?"

"உங்க மேல கேஸ் போட்டாச்சு."

அவர் பின்தலையைச் சொறிந்தார். "நாம ஜெயிச்சுடுவோம்ல?"

"ஜெயிக்காம விடமாட்டேன்."

அவர் நிம்மதியாகக் கார் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அவள் ஏறவில்லை. ஜன்னல் வழியாக இடது கையை நீட்டினாள்.

"முதல்ல அந்தப் போனை இப்படிக் குடுங்க. அப்புறம் வண்டியை எடுக்கலாம்."