ஒட்டினால் தேர்ச்சி

அன்று வியாழனா வெள்ளியா என்பது பூங்கோதைக்கு இப்போது நிச்சயமில்லை. மகள் இளவேனிலின் உள்ளங்கையில் வெந்நீர் கொட்டியது மட்டும் நிச்சயம்.

பூங்கோதைக்குப் பாலியூரித்தேன் என்ற நெகிழிப் பொருளை ஆராயும் ஆய்வகத்தில் வேலை. காயத்தின் மேல் தோலாகவே வளரும் புதுப் படலத்தைப் பிளேடால் வெட்டுவாள். இரு துண்டுகளையும் சேர்த்து வைத்து, மறுநாள் இயந்திரத்தில் மாட்டி இழுப்பாள். தானே ஒட்டிக்கொண்டு பிரியாவிட்டால் 'தேர்ச்சி' என்று எழுதுவாள். பிளேடு பட்ட அவள் விரலிலும் அந்தப் படலம்தான் இருந்தது. ஆய்வகத்திலிருந்து அதே படலத்தில் ஒரு துண்டைக் கொண்டுவந்து மகளின் புண்ணில் ஒட்டினாள். அழுத குழந்தை அந்தக் கையாலேயே அவளது படலம் ஒட்டிய விரலைப் பற்றியபடியே தூங்கிப்போனது.

விழித்தபோது விரல் வரவில்லை.

"விளையாடாத பாப்பா, அம்மா விரல விடு."

"நான் பிடிக்கவே இல்லம்மா."

கணவன் அன்பரசு கத்தரிக்கோலோடு ஓடி வந்தான். "எங்க வெட்டணும்? தினமும் வெட்டுறவ நீதானே, சொல்லேன்!"

பூங்கோதை ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் விரலுக்குள் இன்னொரு நாடி, வேகமாக, சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"கத்தரிய கீழ வைங்க," என்றாள்.

மருத்துவர்கள் ஒருமுறை வெட்டிப் பார்த்தார்கள். குழந்தையின் நாடி விழத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார்கள்.

படலம் இப்போது எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. அன்பரசு இருவருக்கும் தலை பின்னக் கற்றுக்கொண்டான். இளவேனில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பக்கத்து இருக்கையில் பூங்கோதை உட்கார்ந்திருக்கிறாள்.