நீலக் கோட்டுக்காரி

“அவளைக் காணோம்டி!”

அப்பா கத்திய கத்தலில், வேலைவிட்டு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். அவர் தரையில் குப்புறக் கிடந்து, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா... யாரைத் தேடுறீங்க?”

“நீலக் கோட்டு. கையில பெட்டி. ரெண்டு அங்குல உயரம். மத்தியானத்துலேர்ந்து தேடுறேன்!”

“ஓ... பொம்மையா” என்று மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “உருவம்னு சொல்லு. எத்தனை தடவை சொல்றது?”

மேஜை முழுக்கப் போர்க்களம். இடிந்த வீடுகள், சாய்ந்த விளக்குக் கம்பம், நடுத்தெருவில் சேறு பூசிய டாங்கி, சுற்றிப் பன்னிரண்டு சிப்பாய்கள். எல்லாம் நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கும் குமாஸ்தாவான அப்பாவுக்கு ஆபீஸில் ‘ஜெனரல்’ என்று பட்டம். துப்பாக்கியை விடுங்கள், ஒரு கரப்பான் பூச்சிமேல்கூட அவர் விளக்குமாற்றை ஓங்கியதில்லை. அதற்கும் மனைவிதான் வரவேண்டும்.

நாளைக் காலை பத்து மணிக்கு, இந்த மாதிரிச் சின்ன உருவக் காட்சிகளுக்கான போட்டி. இரண்டு வருஷமாக இரண்டாம் பரிசு. “டாங்கி பிரமாதம். ஆனா இதுல கதை எங்க சார்?” என்று நடுவர் கேட்டது முள்ளாகத் தைத்திருந்தது. அந்தக் கதைதான் இந்த வருஷத்து நீலக் கோட்டுக்காரி. பெட்டியோடு அவள் தெருவில் நிற்கிறாள். அவளைப் பார்த்து டாங்கியே நின்றுவிடுகிறது.

“அவ இல்லேன்னா இது வெறும் தகரடப்பாடி. ஒரு வருஷ உழைப்பு போச்சு.”

தன் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்ட மனுஷன், இதற்குப் பதினைந்து நாள் போட்டிருந்தார். அந்த அறையிலேயே வேலை, அங்கேயே தூக்கம். குளிக்க மட்டும் வெளியே வருவார். அப்போதும் தலைக்குள் டாங்கிதான் ஓடும். அறை வாசலில் ஒரு ஸ்டூல். சாப்பாட்டுத் தட்டு அதில் வரும், அதிலேயே போகும்.

ஸ்டூலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவருக்குக் கை நடுங்கும், ஊசிமுனை அளவு கண்ணை எழுத வராது. அதனால் படுக்கப் போகும்முன் ஓர் உருவத்தை ஸ்டூலில் வைப்பார். விடிந்தால் அது கண்ணோடு நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதற்கு மேல் போனால் மனைவிக்குத் தலைவலி வந்துவிடும். பரிசுப் பத்திரத்தில் அவள் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை, அது வேறு விஷயம்.

“இங்க பாரு” என்று நான்கு சிப்பாய்களை நீட்டினார். “வெச்சது வெச்சபடியே இருக்கு. நாலு பேரும் குருடனா நிக்கிறானுங்க. நாளைக்குப் போட்டின்னு உங்கம்மாவுக்குத் தெரியாதா? கொழுப்பு!”

“அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. பேசாம இருக்காளா, நிம்மதியா வேலை ஓடுதுன்னு விட்டுட்டேன். சாப்பாட்டுல உப்பை அள்ளிக் கொட்டியிருந்தா, அதைக்கூட நான் கேக்கலையே.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, “வேற எதையாவது காணோமாப்பா? நல்லா யோசிச்சுப் பாருங்க” என்றாள்.

அவர் அதை ரொம்பப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். சிப்பாய் பன்னிரண்டு. மணல்மூட்டை இருபத்தாறு. நசுங்கிய சைக்கிள் ஒன்று. சுவரோரம் ஒரு பூனை.

“மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஒரு செங்கல் குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்டி. கழுகுக் கண்ணு!”

“மேஜையில இல்லப்பா. வீட்ல.”

“வீட்ல என்ன இருக்கு, காணாமப் போக?”

அவள் வாசலில் இருந்த ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தாள்.

சட்டென்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட என் புத்தியைச் செருப்பால அடிக்க! ஞாயித்துக்கிழமை அவளைத்தானே கண் எழுத ஸ்டூல்ல வெச்சேன்? அப்புறம்தானே இவனுங்களை வெச்சேன்? திரும்பி வரவே இல்லையே! உங்கம்மாகிட்டதான் இருக்கா!”

போன உயிர் திரும்பி வந்த மாதிரி சிரித்தார். பசையைத் திறந்து, டாங்கிக்கு முன்னால் அவளுக்கென்று காலியாக விட்டிருந்த இடத்தில் ஒரே ஒரு சொட்டு வைத்தார்.

“காயறதுக்குள்ள ஒட்டணும். ஓடு, அம்மாவைக் கூப்பிடு.”

மகள் எழுந்திருக்கவில்லை.

“என்னடி மரம் மாதிரி உக்காந்திருக்க? எங்க அவ, அடுப்படியிலயா?”

பசை ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அம்மா வீட்டை விட்டுப் போய் நாலு நாளாச்சுப்பா.”